எடை குறைந்த அம்மாவால் ஏன் சோபாவை விட்டு எழ முடியவில்லை?

கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். அம்மாவுக்கு 71 வயது, உயரம் 154 சென்டிமீட்டர், சர்க்கரை வந்து 19 வருடம். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறார். எடையைக் குறைக்கச் சொன்னார்கள் என்று மகன் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினார். எட்டு மாதத்தில் 71 கிலோ 66 ஆனது, மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c, சதவீதக் கணக்கு) 8.1ல் இருந்து 6.4க்கு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வயிறு அப்படியே இருக்கிறது, கை கால் மட்டும் மெலிந்துவிட்டது. தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பாத்ரூமில் ஒரு தடவை விழுந்துவிட்டார். ரசம் வைக்கும்போது புளி கரைத்தோமா இல்லையா என்று அடுப்பு முன்னால் நின்று யோசிக்கிறார். ஒரு நாள் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டிருக்கிறார். "எடை குறைந்தது நல்லதுதானே? இந்த மறதி வயதினாலா, சர்க்கரையாலா?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். போன 5 கிலோவில் கொழுப்பு மட்டும் போகவில்லை, தொடைச் சதையும் சேர்ந்து போயிருக்கிறது. வயிறு அப்படியே இருப்பதும் சோபாவில் இருந்து எழ முடியாததும் அதைத்தான் காட்டுகின்றன. மறதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் சந்தோஷப்பட்ட அந்த 6.4தான் எனக்குப் பழைய 8.1ஐ விடக் கவலையாக இருக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கு மேலாக வயதானவர்களோடுதான் வேலை, அதில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை, அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே வரவைக்கிற மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அம்மாவின் சாப்பாடு பாதியாகிவிட்டது. மாத்திரை அளவு அப்படியே இருக்கிறதா? அப்படியென்றால் சர்க்கரை 70க்குக் கீழே அடிக்கடி போய்க்கொண்டிருக்கலாம். இளம் வயதில் சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பசி எடுக்கும். 70 வயதைத் தாண்டிய, பல வருட சர்க்கரைக்காரருக்கு இந்த எச்சரிக்கை மணி சரியாக அடிப்பதில்லை. குழப்பம், காரணமில்லாத எரிச்சல், பேச்சில் தடுமாற்றம், மத்தியானம் பதினொன்றரைக்கே தூக்கம், இப்படித்தான் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் "வயசாயிடுச்சு, மறந்துபோறாங்க" என்று விட்டுவிடுவார்கள். அந்த இரட்டை மாத்திரை நாளை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எனவே இந்த வாரமே குளுக்கோமீட்டரை எடுத்து, காலைச் சாப்பாட்டுக்கு முன் பார்ப்பதோடு நிறுத்தாமல், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பும், மாலை 5 மணிக்கும், ஒன்றிரண்டு இரவு 3 மணிக்கும் பாருங்கள். அம்மா குழம்பிப் போய் நிற்கும் நேரத்தில் கட்டாயம் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண்களை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் சாப்பாடு குறைந்ததும் 5 கிலோ போனதும் ஒரு நாள் மாத்திரையை இரண்டு தடவை போட்டதும் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

6.4 என்றால் நல்லதுதானே என்று தோன்றும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்கார்ட் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 10,251 சர்க்கரை நோயாளிகள், சராசரி வயது 62. ஒரு பாதிப் பேருக்கு மூன்று மாத சராசரியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பாதியில் அதிகம் பேர் இறந்ததால் 2008ல் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அதே ஆய்வில் மூளைத் திறனையும் பார்த்தார்கள். சர்க்கரையை இறுக்கிப் பிடித்ததால் ஞாபகத்துக்கு ஒரு லாபமும் இல்லை. அதனால்தான் அமெரிக்க நீரிழிவு சங்கம் வயதானவர்களுக்கு இலக்கைத் தளர்த்தி வைத்திருக்கிறது. திடமாக இருப்பவருக்கு 7 முதல் 7.5 வரைக்குள், பல நோய்களோ லேசான மறதியோ உள்ளவருக்கு 8க்குள் இருந்தால் போதும். சர்க்கரையை இறக்கிவிடக்கூடிய மாத்திரையில் இருக்கும் 71 வயது அம்மாவுக்கு 6.4 பரிசு வாங்கும் எண் இல்லை.

மெட்ஃபார்மினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் பல வருடம் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தால் பாதம் மரக்கும், நடை தள்ளாடும், ஞாபகமும் மங்கும். மூன்றையும் நாம் சர்க்கரை மேலேயே போட்டுவிடுவோம். கறி, மீனை விட்டுவிட்டவர்களுக்கு இன்னும் வேகமாகக் குறையும். அப்பா போன பிறகு அம்மா அசைவத்தில் முட்டை மட்டும்தான் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12ஐயும் தைராய்டையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது சதைக்கு வருவோம்.

நம் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. "சதை போட்டுட்டாங்க" என்றால் கொழுப்பு ஏறியது என்று அர்த்தம். "சதையே இல்லை, எலும்பும் தோலுமா இருக்காங்க" என்றால் தசை போய்விட்டது என்று அர்த்தம். ஒரே சொல்லில் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். அதனால் ஒருவருக்கே ஒரே நேரத்தில் கொழுப்பு ஏறி, தசை இறங்க முடியும் என்பது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அம்மாவுக்கு நடப்பது அதுதான். தசை வற்றுவதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1980களின் கடைசியில் இர்வின் ரோஸன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் கிரேக்கச் சொற்களில் இருந்து வைத்த பெயர் அது. சதைக் குறைவு என்பதுதான் நேர் அர்த்தம். அது உடல் பருமனோடு சேர்ந்து வந்தால் எடை மெஷின் ஒன்றும் காட்டாது. அம்மாவின் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண், இன்னும் 27.8. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 25க்கு மேல் போனாலே பருமன் என்று கணக்கு. அதனால் "இன்னும் குறைக்கணும்" என்றுதான் அடுத்த தடவையும் சொல்வார்கள். குறைப்பது தப்பில்லை, எதைக் குறைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

இந்தியர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2004ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, இம்மி பிசகாமல் ஒரே எண். யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். பிறக்கும்போதே நம் குழந்தைகள் எடை குறைவாக, தசை குறைவாக, ஆனால் கொழுப்பு அதிகமாகப் பிறக்கின்றன என்று யாக்னிக் காட்டியிருக்கிறார். சேமிப்புக் கணக்கில் குறைவாக வைத்துக்கொண்டு முதுமைக்குள் நுழைகிறவர்கள் நாம். அதில் இருந்தும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இழுத்து வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். இன்சுலின் வேலை செய்யும்போது உடம்பு உள்ளே வாங்கும் சர்க்கரையில் முக்கால் பங்குக்கு அருகில் அங்கேதான் போகிறது. தொடையும் புட்டமும்தான் அதில் பெரிய அறைகள். அந்த அறை சுருங்கினால் அதே இரண்டு இட்லிக்குச் சர்க்கரை முன்பை விட மேலே ஏறும். போதாததற்கு, சர்க்கரைக்காரரின் தசையில் கொழுப்பு ஊடுருவும். ஆட்டுக்கறி வாங்கும்போது சதைக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடுமே, அதே மாதிரிதான். அளவில் தொடை பெரியதாகவே தெரியும், வலு இருக்காது. சர்க்கரையால் நரம்பு கெட்டால் தசைக்குக் கட்டளை சரியாகப் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் தசை புதிதாகக் கட்டப்படுவதும் குறையும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அது தசையையும் அரிக்கும், மூளையின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களையும் கெடுக்கும்.

மூளைக்கான தொடர்பு இங்கேதான் தொடங்குகிறது. தசை சுருங்கி விரியும்போது சில பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. அவற்றில் சில மூளைக்குள் நரம்பு செல்களைப் பேணும் வேலையைத் தூண்டுகின்றன என்று ஆராய்ச்சியில் தெரிந்துவருகிறது. இது ஒரு பாதை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மூளையின் நுண்ணிய குழாய்களை அடைப்பது இன்னொரு பாதை. சர்க்கரை அடிக்கடி இறங்குவது மூன்றாவது. நடமாட்டம் குறைந்து, வெளியே போகாமல், நாலு பேரோடு பேசாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது நான்காவது. இதை நான் மற்றவற்றுக்குக் குறைந்ததாக நினைக்கவில்லை.

டோக்கியோவின் புன்கியோ பகுதியில் 65 முதல் 84 வயது வரையான 1,615 பேரைப் பரிசோதித்து 2022ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கையால் இறுக்கிப் பிடிக்கும் வலு குறைந்து உடல் பருமனும் இருந்தவர்களிடம் மறதிநோயும் லேசான அறிவுத்திறன் குறைவும் மற்றவர்களை விட அதிகமாக இருந்தன. ஜோ வர்கீஸ் என்ற நரம்பியல் டாக்டர், மெதுவாக நடப்பதும் "எனக்கு ஞாபகம் குறைகிறது" என்று தானே சொல்வதும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார். இதற்கு ஸ்கேன் எதுவும் வேண்டாம், ஒரு வராந்தாவும் ஒரு கைக்கடிகாரமும் போதும். ஆனால் புன்கியோவில் பார்த்தது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு. தசை குறைந்ததால் மறதி வந்ததா, மறதியால் நடமாட்டம் குறைந்து தசை போனதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன.

அம்மாவின் மறதி எந்த மாதிரி என்பதையும் கவனியுங்கள். சர்க்கரைக்காரர்களிடம் முதலில் அடிபடுவது பல சமயம் பழைய ஞாபகம் அல்ல. வேலையை வரிசைப்படுத்துவதும், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் பார்ப்பதும், சட்டென்று முடிவெடுப்பதும்தான். பேத்தியின் பிறந்தநாள் நன்றாக ஞாபகம் இருக்கும். ஆனால் புளி, தக்காளி, பருப்புத் தண்ணீர், தாளிப்பு என்ற வரிசை ரசச் சட்டி முன்னால் கலைந்துபோகும். மாத்திரை டப்பாவிலும் அதே கதைதான். 65 வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு வருடம் ஒரு முறை ஞாபகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது பரிந்துரை. தமிழிலேயே கேட்கும் வினாத்தாள்கள் இருக்கின்றன, கால் மணி நேர வேலை. கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அதுவரை வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள்.

வீட்டிலேயே மூன்று விஷயம் பார்த்துவிடலாம். கை வைக்காத சாதாரண நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு, அம்மா கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 நொடி ஆனாலோ அதற்கு மேல் போனாலோ வலு குறைந்திருக்கிறது என்பது ஆசிய நாடுகளுக்கு 2019ல் வகுத்த அளவு. ஆறு மீட்டர் வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள், 6 நொடிக்கு மேல் ஆனால் அதுவும் அதே கணக்கு. மூன்றாவது, ஜப்பானில் காஷிவா என்ற ஊரில் முதியவர்களிடம் சோதித்துப் பார்த்த விரல் வளையம். இரண்டு கட்டைவிரலையும் இரண்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல் எட்டவில்லை என்றால் நல்லது. சுற்றிப் பிடித்த பிறகும் இடைவெளி இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கால் வீங்கியிருந்தால் இது ஏமாற்றும்.

நான் எண்ணிக்கையைவிட எழும் விதத்தைத்தான் பார்ப்பேன். தொடை வலு உள்ளவர் மூக்கை முன்னால் கொண்டுவந்து அப்படியே எழுந்துவிடுவார். வலு போனவர் முதலில் சேலையைச் சரிசெய்வார், நாற்காலி விளிம்புக்கு நகர்வார், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றுவார், "முருகா" என்று ஒரு தடவை பாதி எழுந்து தொப்பென்று உட்கார்வார், இரண்டாம் தடவைதான் எழுவார். எழுந்ததும் உடனே நடக்க மாட்டார், எதையாவது பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு விடுவார். பாத்ரூமில் விழுகிறவர்களில் பலர் வழுக்கி விழுவதில்லை. உட்காரப் போகும்போதோ எழும்போதோ தொடை கைவிட்டுத்தான் விழுகிறார்கள். அங்கே சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி போட்டீர்களா? இல்லையென்றால் நாளைக்கே ஆள் கூப்பிடுங்கள்.

இப்போது சாப்பாடு. நீங்கள் எழுதிய ஒரு நாள் கணக்கை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். காலை இரண்டு இட்லி, சட்னி: புரதம் 4, 5 கிராம். பதினொரு மணிக்கு நீர்மோர், கணக்கில் எடுக்க ஒன்றும் இல்லை. மத்தியானம் ஒரு கப் சாதம், தண்ணீராக ஒரு கரண்டி சாம்பார், பொரியல்: 9, 10 கிராம். நாலு மணிக்கு டீ, இரண்டு மேரி பிஸ்கட்: 2, 3 கிராம். இரவு கோதுமை ரவைக் கஞ்சி: 5, 6 கிராம். எப்படிக் கூட்டினாலும் 25 கிராமைத் தாண்டவில்லை. வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அம்மாவுக்கு அது 66 முதல் 79 கிராம். மூன்றில் ஒரு பங்குதான் போய்க்கொண்டிருக்கிறது. மீதிக்கு உடம்பு எங்கே போகும்? தொடையைத்தான் கரைக்கும். பயிற்சியே இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால், போகும் எடையில் கால் பங்கு வரை, சில சமயம் அதற்கும் மேலே, தசைப் பக்கத்தில் இருந்து போகும். பிறகு எடை திரும்பி ஏறும்போது ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பு. இரண்டு மூன்று தடவை இப்படி ஏறி இறங்கினால் எடை அதே இடத்தில் இருக்கும், ஆள் வேறு ஆளாகிவிடுவார்.

புரதத்தைக் கூட்டும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். 19 வருட சர்க்கரை. ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டும் வேண்டும். சிறுநீரகம் பாதித்திருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அது நன்றாக இருந்தால் தயங்க வேண்டாம்.

அதற்காகப் பவுடர் டப்பா வாங்க ஓட வேண்டியதில்லை. காலை இட்லிக்குப் பதில் வாரத்தில் நாலு நாள் அடை அல்லது பாசிப்பருப்பு தோசை, கூடவே அவித்த முட்டை ஒன்று. இட்லிதான் வேண்டும் என்றால் இரண்டு முட்டை. மத்தியானம் சாதத்தை ஒரு கைப்பிடி குறைத்து, சாம்பாரில் அடியில் தங்கும் பருப்பைக் கரண்டியால் அள்ளிப் போடுங்கள். நம் வீடுகளில் பருப்பு மகனுக்கும் பேரனுக்கும், மேலே நிற்கும் தண்ணீர் அம்மாவுக்கு என்று அவரே பிரித்துக்கொள்வார். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் இது தெரியும். நீர்மோர் இடத்தில் ஒரு கப் கெட்டித் தயிர். மேரி பிஸ்கட் இடத்தில் ஒரு கப் சுண்டல். கடலை, பயறு, மொச்சை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பல் இல்லையென்றால் குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள். இரவுக் கஞ்சியை விட்டுவிட்டு சோயா உருண்டையோ பனீரோ போட்ட கூட்டு, ஒரு சப்பாத்தி. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இத்தனையும் சேர்ந்தால் 60ஐத் தாண்டிவிடும். ஒரே வேளையில் மொத்தமாகக் கொடுப்பதை விட மூன்று வேளைக்கும் பிரிப்பது நல்லது. காலை வேளைதான் நம்மிடம் படு மோசம், அதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

புரதம் செங்கல் மாதிரி, கொத்தனார் இல்லாமல் அது தானாகச் சுவராகாது. தசையைப் பாரம் தூக்க வைத்தால்தான் அது வளரும். நடப்பது நல்லது, சாப்பிட்ட பிறகு பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏற்றம் குறையும். ஆனால் நடை மட்டும் தொடையைத் திருப்பித் தராது. 1990ல் பாஸ்டனில் ஒரு முதியோர் மையத்தில், மரியா ஃபியாதரோன் என்ற டாக்டர் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார். அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. படிப்பு முடித்த புதிதில் அந்த எண்ணைப் படித்தபோது நான் நம்பவில்லை. இப்போது தினமும் பார்க்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உயரமான நாற்காலி, இல்லையென்றால் சாதாரண நாற்காலியில் ஒரு கெட்டித் தலையணை. கையை ஊன்றாமல் எழ முடிகிற உயரம் எதுவோ அதில் தொடங்குங்கள். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், உட்காரும்போது மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. எட்டுத் தடவை, ஓய்வு, மறுபடி எட்டு. வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு வாரத்தில் சுலபமாகிவிடும், அப்போது தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் இரண்டு கையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு ஒரு லிட்டர். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருந்தால்தான் தசை கவனிக்கும். பத்துத் தடவை செய்தும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பாரம் போதாது என்று அர்த்தம். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. ஒரு படி ஏறி இறங்குவது.

சில எச்சரிக்கைகள். கண்ணில் சர்க்கரைப் பாதிப்பு இருக்கிறதா என்று விழித்திரையைப் பார்த்த பிறகே பாரம் தூக்குங்கள், மூச்சை அடக்கி முக்கவே கூடாது. பாதத்தில் புண் இருந்தால் அது ஆறும் வரை உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி மட்டும். சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நெஞ்சு அடைப்பது போல் இருந்தால் அன்றே டாக்டர்.

எடை குறைக்கவே வேண்டாமா என்றால், வேண்டும், மெதுவாக. 2017ல் அமெரிக்காவில் டெனிஸ் வியாரியல் குழு பருமனான 160 முதியவர்களை வைத்துச் சோதித்தது. எடை குறைப்போடு சிலருக்கு நடை மாதிரியான பயிற்சி, சிலருக்குப் பாரப் பயிற்சி, சிலருக்கு இரண்டும். உடல் இயக்கத்தில் இரண்டும் செய்தவர்கள்தான் அதிகம் முன்னேறினார்கள், நடை மட்டும் செய்தவர்களைவிடக் குறைவான தசையை இழந்தார்கள். அம்மாவுக்கு இப்போதைக்கு மூன்று மாதம் எடையை மறந்துவிடுங்கள் என்பது என் கருத்து. தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

ஞாபகம் திரும்புமா? முழுசாகத் திரும்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லுக் அஹெட் என்ற அமெரிக்க ஆய்வில் பருமனான 5,145 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி என்று வருடக்கணக்கில் தீவிரமாக எடை குறைப்பு நடந்தது. நடமாட்டம் மேம்பட்டது, ஆனால் பின்னாளில் அறிவுத்திறன் குறைவு வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. பின்லாந்தில் ஃபிங்கர் என்ற ஆய்வு வேறு வழியில் போனது. 60 முதல் 77 வயது வரை 1,260 பேர். உணவு, பாரப் பயிற்சியும் சேர்த்த உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கவனிப்பது எல்லாம் சேர்த்து இரண்டு வருடம். 2015ல் வந்த முடிவில் அவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களை விட நன்றாக இருந்தது. கிலோவைக் குறைப்பது மட்டும் மூளைக்குப் போதவில்லை, எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ததில்தான் பலன் தெரிந்தது என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். எனவே காது கேட்கிறதா, கண்புரை இருக்கிறதா, தூக்க மாத்திரை எடுக்கிறாரா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். அப்பா போன பிறகு மனசு ஒடிந்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். மனச்சோர்வு அப்படியே மறதி மாதிரி வேஷம் போடும்.

பக்கத்து வீட்டில் ஒருவர் வாரம் ஒரு முறை போடும் எடை குறைப்பு ஊசியைப் பற்றிச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நல்ல மருந்துதான், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் பலன் உண்டு. ஆனால் பசியையே அடக்கிவிடும், போகும் எடையில் தசையும் சேர்ந்து போகும். ஏற்கெனவே 25 கிராம் கூட வராத புரதத்தில் இருக்கும், சோபாவில் இருந்து எழ முடியாத 71 வயதுக்காரருக்கு இப்போது அதற்கான நேரம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டாக்டர் பரிந்துரைத்தால் "தசை குறைந்திருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

என் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கும் சர்க்கரை. நுரையீரல் காய்ச்சலுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஒன்பது நாள் படுக்கை. காய்ச்சலை நன்றாகக் குணப்படுத்தினார்கள். ஆனால் அந்த ஒன்பது நாளும் "விழுந்துடுவார், படுக்க வையுங்க" என்றே சொன்னார்கள், யாரும் அவரை எழுப்பி நிறுத்தவில்லை. உள்ளே போகும்போது ஆட்டோவில் இருந்து தானாக இறங்கினார், வெளியே வரும்போது தூக்கிக்கொண்டு வந்தோம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்கு நெருக்கமாகத் தசை போனது. நோய் இல்லாதவர்களுக்கே அவ்வளவு. அம்மாவை எப்போதாவது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால், டாக்டர் தடை சொல்லாத வரை இரண்டாம் நாளே கட்டில் ஓரத்தில் உட்கார வையுங்கள், நிற்க வையுங்கள், சாப்பாட்டை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முதல் சில தடவை நேரில் வந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

முதல் நாள் ஐந்து தடவை எழ எத்தனை நொடி ஆனது என்று காலண்டரில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். முடியவே இல்லை என்றால் "முடியவில்லை" என்று எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி பார்த்து, அந்த எண்ணையும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை எண்களையும் இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டப் பயிற்சியைச் சொல்கிறேன்.